மஞ்சள் வெளிச்சத்தில் 1980

கேள்வி: படங்களில் 80, 90களைக் காட்டினால் தெருவெல்லாம் பாசம், மனிதர்களெல்லாம் தங்கம். இன்றைக்கு என்றால் ஆளுக்கொரு செல்போன், யாருக்கும் யாரும் இல்லை. நிஜமாகவே அந்தக் காலம் அவ்வளவு நன்றாக இருந்ததா சார்?

பதில்: 1980-ஐ 1980-லேயே காட்டிய படம் ஒன்று இருக்கிறது, பாருங்கள். பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு'. படித்துவிட்டு டெல்லியில் வேலை தேடி அலையும் கமலும் நண்பர்களும் சோற்றுக்கு வழியில்லாமல், சாப்பிடுவதுபோல் பாவனை செய்வார்கள். மறு வருடம் அவரே எடுத்த 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் ஒரு ஊரே குடிதண்ணீருக்குத் தவிக்கும். பொற்காலத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தும் மனுஷன் கண்ணில் அது படவே இல்லை!

அதே 1980-ஐ மதுரையில் வைத்து 2008-ல் சசிகுமார் 'சுப்ரமணியபுரம்' எடுத்தார். அவர் ஏமாற்றவில்லை. வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள், அவர்களைக் கொலைக்குத் தூண்டிவிட்டுக் கைகழுவும் அரசியல் குடும்பம், கூட இருந்தே குழி பறிக்கும் நட்பு, எல்லாம் அதில் உண்டு. நம் ஆட்கள் ஞாபகம் வைத்திருப்பதோ பெல்பாட்டத்தையும் 'கண்கள் இரண்டால்' பாட்டையும்தான். அப்புறம் வந்தவர்களில் சிலர், எதற்கு வம்பு என்று துரோகத்தை வெட்டிவிட்டுப் பெல்பாட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கடிதத்துக்குக் காத்திருப்பதைக் கவிதையாகக் காட்டுகிறார்கள். காதல் கடிதம் என்றால் சரி. தாத்தா தவறிவிட்டார் என்று எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்து, அடித்துப் பிடித்து இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால், அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

இன்னொன்று கவனித்தீர்களா? பழைய காலம் இனிக்கிற படங்களில் கதாநாயகன் அநேகமாகப் பள்ளிக்கூடப் பையன். '96' படத்தில் பத்தாம் வகுப்பு. அந்த வயதில் எந்தக் காலம்தான் கசக்கும்? மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது அம்மா. கேஸ் இணைப்புக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தது அப்பா. அவர்களை நாயகன் நாயகியாக வைத்து எடுத்தால் மஞ்சள் வெளிச்சம் போடுவதற்குக் கொஞ்சம் கை கூசும்.

பள்ளிக்கூடப் பையன் என்றாலும் எல்லாப் பையனுக்கும் இனித்துவிடவில்லை. மாரி செல்வராஜின் 'வாழை' (2024) பாருங்கள். அதுவும் தொண்ணூறுகள்தான். ரஜினியா கமலா சண்டை உண்டு, டீச்சர் மேல் கொள்ளைப் பிரியம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவன் தலையில் வாழைத்தார்.