“இது நிஜ எலும்பா?” – வாசகர் கேள்வி பதில்

அறிவியல், வரலாற்று அருங்காட்சியகங்களுக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ஐந்து வயது மகனையும் மூன்று வயது மகளையும் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். முதல் தளத்தைப் பார்த்து முடிப்பதற்குள் மகள் அழத் தொடங்கினாள். மகன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாதிகூடப் பார்க்காமல் திரும்பினோம். இந்த வயதில் அழைத்துச் சென்றதே தவறா?

பதில்: வயதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. “பார்த்து முடிப்பதற்குள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் சற்று யோசிக்க வேண்டும். பெரிய அருங்காட்சியகம் எதையும் பெரியவர்களாலேயே ஒரே நாளில் பார்த்து முடிக்க இயலாது. பாஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். பேழைகளுக்குள் இருப்பவற்றைச் சரியாகப் பார்ப்பதற்கு ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் குந்தியும் சிரமப்பட வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களின் துணையோடு அதில் அவர் எடுத்துக்காட்டினார். வளர்ந்த மனிதருக்கே அந்த நிலை என்றால், ஒரு மீட்டர் உயரமே உள்ள குழந்தைக்குப் பேழையின் விளிம்பும் முன்னால் நிற்பவர்களின் முதுகும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். உங்கள் மகளின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை அந்தக் கூடத்தைப் பாருங்கள். அவள் ஏன் அழுதாள் என்பது அநேகமாகப் புரிந்துவிடும்.

ஆகவே, புறப்படுவதற்கு முன்பே இரண்டு கூடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மகன் தேர்ந்தெடுக்கட்டும், மற்றொன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். குழந்தை ஒரே பொருளின் முன் கால் மணி நேரம் நின்றால், அடுத்தது காத்திருக்கிறது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகிறதே என்ற தவிப்பு இயல்பானதுதான். நானும் அதற்கு ஆளாகிக் குழந்தைகளை அவசரப்படுத்தியிருக்கிறேன். ஆனால் அப்படி அவசரப்படுத்திக் காட்டிய எதுவும் அவர்களுடைய நினைவில் நிற்கவில்லை.

கேள்வி: டைனோசர் எலும்புக்கூட்டின் முன் நின்று, “இது நிஜ எலும்பா?” என்று என் மகன் கேட்டான். அது வார்ப்பு என்று பக்கத்திலிருந்த பலகையில் எழுதியிருந்தது. ஏமாற்றம் அடைவானோ என்று தயங்கி, “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். செய்தது சரியா?

பதில்: நல்லெண்ணத்தில் சொன்னீர்கள் என்றாலும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலாவதாக, நிஜப் புதைபடிவம் என்று வைக்கப்பட்டிருப்பதும் நாம் நினைக்கும் எலும்பு அன்று. சேற்றிலும் மணலிலும் புதைந்த எலும்புக்குள் நிலத்தடி நீரோடு தாதுப்பொருள்கள் ஊடுருவிப் படிந்து, நெடுங்காலத்தில் அது கல்லின் தன்மையை அடைந்துவிடுகிறது. அதைத் தூக்கி நிறுத்துவது கடினம், உடைந்தால் ஈடு கிடையாது என்பதால்தான் அச்சு எடுத்து வார்ப்புச் செய்கிறார்கள். லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1905-இல் நிறுவப்பட்ட டிப்ளோடோகஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு 292 பாகங்களும் 26 மீட்டர் நீளமும் கொண்ட முழுமையான பிளாஸ்டர் வார்ப்புதான். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதை அண்ணாந்து பார்த்து வியந்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. “இது நிஜமா?” என்பதோடு சேர்ந்தே வரும் கேள்வி, “எப்படித் தெரியும்?” என்பது. அதற்கு இகுவானோடான் என்ற டைனோசரின் கதையைச் சொல்லுங்கள். அந்த விலங்கின் எலும்புகளை ஆராய்ந்த கிடியன் மான்டெல், கூம்பு போன்ற ஓர் எலும்பை மூக்கின் மேல் இருந்த கொம்பு என்று கருதினார். 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வைக்கப்பட்ட சிலைகளும் மூக்கில் கொம்போடுதான் நின்றன. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கட்டைவிரலின் முள் என்று தெளிவாயிற்று. விரலை மூக்கில் வைத்துவிட்டார்கள் என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். பெரிய அறிஞர்களும் தவறுவார்கள், புதிய சான்று கிடைத்தால் திருத்திக்கொள்வார்கள் என்பது அந்தச் சிரிப்போடு உள்ளே போய்விடும்.

கேள்வி: ஆறு கோடி ஆண்டுகள், நான்காயிரம் ஆண்டுகள் என்றெல்லாம் சொன்னால் குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகிறது. எப்படி விளக்குவது?

பதில்: எண்ணை விட்டுவிட்டுக் காலடியைப் பயன்படுத்துங்கள். குழந்தை வைக்கும் ஓர் எட்டை, அதாவது ஒரு காலடியை, ஆயிரம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளுப்பாட்டி பிறந்த காலம் கால் பெருவிரலைத் தாண்டாது. எகிப்தின் பெரிய பிரமிடு கட்டப்பட்டு ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆகின்றன. நாலரை எட்டு வைத்தால் அங்கே போய்விடலாம். பறவைகளின் மூதாதையரைத் தவிர மற்ற டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே போக 66,000 எட்டுகள் வைக்க வேண்டும். ஓர் எட்டு அரை மீட்டர் என்றால் 33 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். கூடத்திலேயே நாலரை எட்டு நடக்கவைத்து, பிறகு 33 கிலோமீட்டர் என்பது குழந்தைக்குத் தெரிந்த எந்த ஊர் வரைக்கும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: அறிவியல் கூடத்தில் என் பிள்ளைகள் கண்ட பொத்தான்களையெல்லாம் அழுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்றுகூடப் பாராமல் அடுத்ததற்கு ஓடுகிறார்கள். இதில் என்ன கற்றுக்கொள்வார்கள்?

பதில்: முதல் அரை மணி நேரம் ஓடட்டும், தடுக்காதீர்கள். தொட்டும் இயக்கியும் பார்ப்பதற்கென்றே உருவான இடங்கள் அவை. இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் அவற்றுள் புகழ்பெற்றது. ஓட்டம் தணிந்த பிறகு, பொத்தானே இல்லாத ஒரு காட்சிப்பொருளின் முன் உட்காரவையுங்கள். ஃபூக்கோ ஊசல் இருந்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. லியோன் ஃபூக்கோ 1851-இல் பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் நீளமுள்ள கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை மக்கள் கண்ணால் காணச் செய்தார். இன்று பல அருங்காட்சியகங்களில் ஊசலைச் சுற்றிச் சிறு முளைகளை நிறுத்தியிருப்பார்கள். ஊசல் ஆடும் திசை மெல்ல மெல்ல விலகுவதுபோல் தோன்றி, ஒவ்வொரு முளையாகத் தட்டிவிடும். எது அடுத்து விழும் என்று பந்தயம் கட்டினால், அதுவரை ஓடிய பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். விழுந்த பிறகு, “ஊசலை யாரும் திருப்பவில்லை, நாம் நிற்கும் தரைதான் திரும்பியது” என்று சொல்லுங்கள். துருவத்தில் ஊசல் ஆடும் திசை ஒரு நாளில் முழுச் சுற்று வந்துவிடும், பாரிஸில் ஏறத்தாழ 32 மணி நேரம் ஆகும், நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: “தொடாதே” என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. காரணத்தை எப்படிச் சொல்வது?

பதில்: சுத்தமான கண்ணாடி ஒன்றில் விரலைப் பதிக்கச் சொல்லி, ரேகை தெரிவதைக் காட்டுங்கள். அந்த ரேகையில் வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் இருக்கின்றன. பழைய உலோகத்தில் அவை அரிப்பை உண்டாக்கும். பழைய துணிகளும் ஓவியங்களும் இருக்கும் அறை மங்கலாக இருப்பதும் இதைப் போன்ற காரணத்தால்தான். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும்.

கேள்வி: மம்மி இருக்கும் அறைக்குள் வர மாட்டேன் என்று ஆறு வயது மகள் அடம்பிடித்தாள். பயத்தைப் போக்க உள்ளே அழைத்துச் சென்றிருக்க வேண்டுமோ?

பதில்: வேண்டாம். அவள் பயப்படுவது இறந்துபோன ஒரு மனிதரைப் பார்த்து. அதில் தவறு ஏதும் இல்லை. “தூங்குகிறார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரவில் அவளுக்குத் தூங்கவே பயம் வந்துவிடக்கூடும். இறந்துவிட்டார், அவருக்கு வலிக்காது, எழுந்து வரவும் மாட்டார், உடல் கெடாமல் இருப்பதற்காக நேட்ரான் என்ற உப்பால் உலர்த்தித் துணியால் சுற்றி வைத்தார்கள் என்று வீட்டிலேயே ஒரு படத்தைக் காட்டி அமைதியாகச் சொல்லுங்கள். அடுத்த முறை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உங்கள் கையைப் பிடித்துத் திரும்பினாள் என்றால், அன்றைக்கு அதுவே போதும்.