4917505க்குள் ஒளிந்திருப்பது என்ன?

கணினி கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். காலபோக அறுவடை நேரத்தில் மின்சாரம் நின்றதைக்கூடக் கவனிக்க முடிவதில்லை. பற்றரி தீர்ந்து மடிக்கணினி அணைந்தபின், சேமிக்காத பதிவுகளை மறுபடி எழுதவேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றவுடன் எச்சரிக்க, விண்டோஸ் வேலைகளைத் தானாகச் செய்விக்கும் நிரல்மொழியான ஆட்டோஹொட்கீயின் இரண்டாம் பதிப்பில் ஒரு நிரல் எழுதினேன். மின்நிலையைச் சொல்லும் விண்டோஸின் கெட்சிஸ்டம்பவர்ஸ்டேட்டஸ் சார்பை (function) அழைத்தால், பற்றரி அளவு 4917505 என்று வருகிறது! அந்தச் சார்பு ஒரு ஸ்ட்ரக்சர், அதாவது பல மதிப்புகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பு, கேட்கிறது. ஆட்டோஹொட்கீயில் நான் ஸ்ட்ரக்சருக்கு எங்கே போவேன்?
(வாசகர், முள்ளியவளை)

பதில்: தம்பி, நீங்கள் அந்த எண்ணைப் பார்த்தபோது ஆலையில் மின்சாரம் இருந்தது. பற்றரி 75 வீதத்தில் நின்று, மேலும் ஏறிக்கொண்டிருந்தது. சாத்திரம் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாம் நீங்கள் அனுப்பிய எண்ணிலேயே இருக்கிறது.

அந்தச் சார்புக்கு ஸ்ட்ரக்சர் என்று எதுவும் தெரியாது. நீங்கள் கொடுக்கும் நினைவக முகவரியிலிருந்து 12 பைட்டுகளை நிரப்பிவிட்டுப் போவதுடன் அதன் வேலை முடிந்தது. நினைவகம் வரம்பு கட்டாத வயல். எவருடைய காணி எங்கே தொடங்குகிறது என்பதை உறுதியைப் பார்த்துத்தான் அளக்கவேண்டும். இங்கே உறுதி, மைக்ரோசொஃப்ட் வெளியிட்டிருக்கும் ஆவணம். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். சுழியமாம் பைட்டு மின்சாரம்: இருந்தால் 1, நின்றால் 0, தெரியாவிட்டால் 255. அடுத்தது பற்றரியின் நிலை: 66 வீதத்துக்கு மேலென்றால் 1, சார்ஜ் ஏறினால் 8, இரண்டும் என்றால் கூட்டி 9. அதற்கடுத்ததுதான் நீங்கள் தேடும் வீதம். மூன்றாவது, பற்றரிச் சிக்கன நிலையைச் சொல்வது. பிறகு நான்கு நான்கு பைட்டுகளாக இரண்டு எண்கள், மீதி நேரமும் முழு நேரமும் விநாடிகளில்.

நினைவகத்திலிருந்து எண்ணைப் படிக்கும் நம்கெட்டில் நீங்கள் இடம் 0, வகை யூஇன்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். யூஇன்ட் ஒரே வாயில் நான்கு பைட்டுகளை விழுங்கும். நம் கணினிகளில் சிறிய மதிப்புள்ள பைட்டு முதலில் வரும். ஆகவே 1, 9, 75, 0 என்று வரிசையாக இருந்தவை, 75ஐ 65536ஆல் பெருக்கி, 9ஐ 256ஆல் பெருக்கி, 1ஐயும் சேர்த்த ஒரே எண்ணாகிவிட்டன. கூட்டிப் பாருங்கள், 4917505 வரும்.

பஃபர்(12, 0) என்று இடம் ஒதுக்குங்கள். விண்டோஸ் சார்பை அழைக்கும் டிஎல்எல்கோலில் அதை பிடிஆர் (முகவரி) வகையாகக் கொடுங்கள். பிறகு நம்கெட்டில் இடம் 2, வகை யூசார் (ஒரே ஒரு பைட்டு) என்று படித்தால் 75 வந்து நிற்கும். மின்சாரத்துக்கு இடம் 0, அதே வகை. மீதி நேரத்தை யூஇன்ட்டாகப் படிக்கும்போது 4294967295 வந்தால் பதற வேண்டாம். மின்சாரம் இருக்கும் வரை மீதி நேரம் கணக்கிடப்படுவதில்லை, அதைத்தான் அப்படிச் சொல்கிறது.

பஃபரின் அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 4 பைட்டு ஒதுக்கினாலும் சார்பு 12 பைட்டு எழுதியே தீரும். மிச்சம் பக்கத்து நினைவகத்தில் விழும். நிரல் அந்த இடத்திலேயே விழுந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் வேறெங்கோ, தொடர்பில்லாத ஒரு வரியில் விழும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் சிறுபோகம் வந்துவிடும்.

சில விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கவும் தேவையில்லை. மின்நிலை மாறும்போது விண்டோஸே 536 என்ற செய்தியை அனுப்பும். ஆட்டோஹொட்கீயின் ஒன்மெசேஜ் கொண்டு அதைப் பிடித்து, அதனுடன் வரும் முதல் மதிப்பு 10 ஆக இருந்தால் மட்டும் சார்பை அழையுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் பைதன் படிக்கிறேன். நினைவகப் பயன்பாட்டைச் சொல்லும் விண்டோஸின் குளோபல்மெமரிஸ்டேட்டஸ்எக்ஸ் சார்பை அழைத்தால் எப்போதும் 0 தான் திரும்பி வருகிறது. ஸ்ட்ரக்சரின் புலங்கள் (அதில் அடுக்கிய மதிப்புகள்) சரியாகவே இருக்கின்றன. ஏன்?
(வாசகி, மாங்குளம்)

பதில்: பிள்ளை, பைதனில் உங்களுக்குப் பாதி வேலை குறைவு. 2006இல் வந்த 2.5ஆம் பதிப்பிலிருந்து, இத்தகைய சார்புகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் பைதனோடு சேர்ந்தே வருகிறது. புலங்களை வரிசையாகச் சொன்னால், இடைவெளிகளையும் அதுவே கணக்கிட்டுவிடும். முகவரியைத் தாங்கும் புலங்கள் 32 பிட்டில் 4 பைட்டு, 64 பிட்டில் 8 பைட்டு என்று மாறும். கையால் எண்ணுகிறவர்கள் அங்கேதான் தடுக்கி விழுவார்கள். ஆனால் ஒரு புலத்தை நீங்கள் விட்டுவிட்டால் பைதன் வாய்திறக்காது.

உங்கள் சிக்கல் வேறு. இந்த ஸ்ட்ரக்சரின் முதற்புலம் அதன் நீளம். அதை அழைப்பவர்தான், அழைப்பதற்கு முன் நிரப்பவேண்டும். வெறுமையாக விட்டால் சார்பு மறுத்து 0 திருப்பும். 4 பைட்டுப் புலங்கள் இரண்டு, 8 பைட்டுப் புலங்கள் ஏழு, மொத்தம் 64 பைட்டு. அந்த 64ஐ நேரே எழுதாமல், அளவைக் கணக்கிடும் சைஸ்ஒஃப் கொண்டு நிரப்புங்கள். பிறகு ஸ்ட்ரக்சரின் முகவரியை பைரெஃப் மூலம் அனுப்பி இரண்டாம் புலத்தைப் படியுங்கள். நினைவகத்தில் எத்தனை வீதம் பயன்பாட்டில் இருக்கிறது என்பது அதில் இருக்கும்.