புதுப்பிப்பு நிறுவனம் அனுப்பிய வழக்கறிஞர் கடிதம் குறித்து

அன்புள்ள சகோதரி, உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பித்த நிறுவனம், நீங்கள் இணையத்தில் எழுதிய விமர்சனத்தால் வாடிக்கையாளர்களை இழந்ததாகக் கூறி 30,000 வெள்ளி கேட்டு அனுப்பியுள்ள கடிதத்தைக் கண்டு கலங்க வேண்டாம். பதிலளிக்காமலும் விட்டுவிட வேண்டாம். சிங்கப்பூரில் எழுத்துவழி அவதூறுக்கு, இழப்பை நிரூபிக்காமலேயே ஒரு நிறுவனம் வழக்குத் தொடர முடியும் என்பதால், நீங்கள் எழுதியது உண்மை என்று காட்டுவதே வலுவான தற்காப்பு. அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. ஆகவே, தரை ஓடுகள் மூன்றே வாரத்தில் பெயர்ந்ததற்கான படங்களையும் ரசீதுகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் தேதியுடன் பாதுகாத்து வையுங்கள். எனக்கு உண்மையாகவே கவலை தருவது உங்கள் விமர்சனத்தில் உள்ள 'ஏமாற்றுக்காரர்கள்' என்ற அந்த ஒரு சொல்தான், ஏனெனில் மோசமான வேலை வேறு, மோசடி வேறு. எதையும் நீக்குவதற்கு முன் முழுப் பதிவையும் படமெடுத்துக்கொண்டு, கடிதத்தில் உள்ள கெடு முடிவதற்குள் சமூக மன்றத்தில் நடைபெறும் இலவசச் சட்ட ஆலோசனைக்குச் செல்லுங்கள். அதுவரை நீங்கள் மன்னிப்புக் கேட்பதாக அவர்களே எழுதி அனுப்பிய கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள்.