கைரேகை இருந்தால் மாஸ்டர் பாஸ்வேர்ட் வேண்டாமா?

கேள்வி: வீட்டில் விண்டோஸ், அலுவலகத்தில் உபுண்டு லேப்டாப், கையில் ஆண்ட்ராய்டு போன். மூன்றிலும் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் ஆப் பிட்வார்டன்தான். அதைத் திறக்கும் நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்து அடித்து அலுத்துவிட்டது. கைரேகை வைத்துவிட்டு, அல்லது ஒரு யூபிகீ (யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி) வாங்கிவிட்டு, அந்தப் பாஸ்வேர்டைத் தலைமுழுகிவிடலாமா?

பதில்: தலைமுழுக முடியாது, அடிக்கடி அடிப்பதைக் குறைக்கலாம். கைரேகை, ஏற்கெனவே லாகின் ஆன ஆப்பை அந்த ஒரு சாதனத்தில் திறக்க மட்டுமே. உங்கள் ரேகை பிட்வார்டனுக்குப் போவதே இல்லை. விண்டோஸின் அடையாளச் சோதனையான விண்டோஸ் ஹலோவோ ஆண்ட்ராய்டோ சரிபார்த்து ‘இவர்தான்’ என்று சொன்னதும் ஆப் திறக்கிறது. ஆகவே ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அமைக்க வேண்டும். பிரௌசர் எக்ஸ்டென்ஷனிலும் விரல் வைத்துத் திறக்க, டெஸ்க்டாப் ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

உபுண்டுவில்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அங்கே பிட்வார்டன், போல்கிட் என்ற லினக்ஸின் அனுமதி கேட்கும் வசதி வழியாக சிஸ்டத்திடம் கேட்கிறது, சென்சாருக்கு லினக்ஸ் டிரைவர் இல்லையென்றால் சிஸ்டம் உங்கள் லேப்டாப் பாஸ்வேர்டைக் கேட்கும், அது 1234 என்றால் மற்ற எல்லா பாஸ்வேர்டுகளுக்கும் காவல் அந்த 1234தான்! அலுவலக லேப்டாப் வேறு. நானாக இருந்தால் அதில் மட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டையே அடிப்பேன்.

யூபிகீயின் வேலையே வேறு. புதிய சாதனத்தில் லாகின் செய்யும்போது மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு அடுத்த கட்டமாக வரும். 2023 முதல் பிட்வார்டன் இலவசக் கணக்கிலேயே ஃபைடோ2 என்ற லாகின் தரத்தில் இயங்கும் கீயைச் (யூபிகீ அந்த ரகம்தான்) சேர்க்கலாம். தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் கீ பதில் தரும் என்பதால், ஓடிபி போலப் போலித் தளத்தில் ஏமாந்து கொடுக்க வழியில்லை. (கீயைத் தொடச் சொல்வது கைரேகைக்காக இல்லை, எதிரே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத்தான். ரேகை பார்ப்பது ‘பயோ’ மாடல் மட்டும்.) என்எஃப்சி (போனில் தொட்டாலே வேலை செய்யும் வசதி) உள்ளதாக வாங்கினால் போனுக்கும் ஆகும், போனில் என்எஃப்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான். விலை கையைக் கடிக்கும், ஆனாலும் இரண்டாக வாங்கி ஒன்றை பீரோவில் வையுங்கள். கீ தொலைந்தால் உள்ளே போக உதவும் பிட்வார்டன் ரெக்கவரி கோடைத் தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: நான் கீபாஸ்எக்ஸ்சி (பாஸ்வேர்டுகளை நம் கணினியிலேயே ஒரு ஃபைலில் வைக்கும் ஆப்) ஆள். ஃபைடோ மட்டும் உள்ள மலிவான கீ போதுமா?

பதில்: போதாது. கீபாஸ்எக்ஸ்சி ஃபைலைப் பூட்ட எச்மேக்-ஷா1 சேலஞ்ச்-ரெஸ்பான்ஸ் (ஆப் அனுப்பும் கேள்விக்குக் கீ தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துப் பதில் தரும் முறை) வேண்டும்; யூபிகீ தயாரிக்கும் யூபிகோவின் மலிவான ‘செக்யூரிட்டி கீ’ வரிசையில் அது கிடையாது, யூபிகீ 5 வரிசையில் உண்டு. உதிரிக் கீயிலும் அதே ரகசியத்தை ஏற்ற வேண்டும். ஒருமுறை ஏற்றிய ரகசியத்தைக் கீயிலிருந்து திரும்ப எடுக்க முடியாது, அதனால் இரண்டு கீயையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அமைத்துவிடுங்கள்.