முகட்டு மரங்கள் நிற்க, மறைவுச் சரிவு சாய்ந்தது ஏன்?

கேள்வி: சென்ற புயலில் காற்று நேராக மோதிய முகட்டு மரங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. ஆனால் முகட்டுக்குப் பின்புறச் சரிவில் இருந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் ஒரு பட்டையாக வேரோடு சாய்ந்தன. எஞ்சிய பகுதியில் நெருக்கத்தைக் குறைக்க மரங்களை வெட்டலாமா?

பதில்: வெட்டுவதற்கு முன், அந்தச் சரிவில் மரங்கள் சாய்ந்த காரணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். காரணம் தெரியாமல் வெட்டினால் எஞ்சியவையும் சாயக்கூடும்.

மலையின் மறைவுப் பக்கம், அதாவது காற்று நேராக மோதாத பின்புறம், எப்போதும் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அது எப்போதும் உண்மையல்ல. முகட்டுக்கு மேலே வெப்பமான காற்றடுக்கு ஒன்று மூடிபோல் நிற்கும்போது, முகட்டைக் கடக்கும் குளிர்ந்த காற்று மேலெழ வழியின்றி மறைவுச் சரிவில் கீழ்நோக்கி விரைந்து பாய்கிறது. 2004 நவம்பர் 19 அன்று ஸ்லோவாக்கியாவின் உயர் தாத்ரா மலைகளில் 12,000 ஹெக்டேருக்கும் அதிகமான காட்டைச் சாய்த்தது இவ்வகைக் காற்றுதான். இரு முகடுகளுக்கு இடையிலான தாழ்வுகளும், காற்றின் திசைக்கு இணையாக அமைந்து வரவரக் குறுகும் பள்ளத்தாக்குகளும் காற்றை நெருக்கி அதன் வேகத்தைக் கூட்டும். உங்கள் காட்டில் மரங்கள் பட்டையாகச் சாய்ந்திருப்பதால் நிலவடிவத்துக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

இதற்கு இணையான இன்னொரு காரணம் மரத்தின் பழக்கம். ஆண்டு முழுவதும் காற்றில் அசையும் முகட்டு மரம் உயரத்தில் குறுகி, அடித்தண்டு பருத்து, காற்றுக்கு ஏற்றவாறு வேரை வலுப்படுத்திக்கொள்கிறது. ஒதுக்கமான சரிவில் நெருங்கி வளர்ந்த மரமோ ஒளியைத் தேடி நெடுக உயர்கிறது. மரத்தின் உயரத்தை, மார்பளவு உயரத்தில் உள்ள தண்டின் விட்டத்தால், இரண்டையும் ஒரே அலகில் வைத்து வகுத்துப் பாருங்கள். 24 மீட்டர் உயர மரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் விகிதம் 80. 24 சென்டிமீட்டர் என்றால் 100. ஊசியிலை மரங்களில் 80க்குக் கீழ் இருப்பது ஓரளவு நிலையானது. 100ஐத் தாண்டினால் கவலைக்குரியது.

மண்ணைப் பலரும் போதிய அளவு கவனிப்பதில்லை. எனக்கு அதுவே முதல் சோதனை. தண்டு முறியாமல் வேரோடு சாய்ந்திருப்பதே பிடிமானம் தோற்றதைக் காட்டுகிறது. சாய்ந்த மரங்களின் வேர்த்தட்டை, அதாவது மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்தொகுதியைப் பாருங்கள். அது மெல்லியதாக, அடிப்பகுதி தட்டையாக இருந்தால், கீழே பாறையோ நீர் தேங்கும் அடுக்கோ வேரைத் தடுத்திருக்கிறது என்று பொருள். வேர்கள் மென்மையாகிச் சிதைந்திருந்தால் வேரழுகல் நோயைச் சந்தேகியுங்கள். நல்ல மண்ணும் நீரில் ஊறினால் வலுவிழக்கும். 2018 அக்டோபர் இறுதியில் வடகிழக்கு இத்தாலியின் மலைக்காடுகளை வீழ்த்திய வாயா புயலில், கடுங்காற்றுக்கு முன்பே பெருமழை மண்ணை நனைத்திருந்தது. மாறாக, ஆழமாக உறைந்த மண் வேரை இறுகப் பிடிக்கும். குளிர்காலம் வெப்பமாகும் இடங்களில் இந்தப் பாதுகாப்பு குறைகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இளமையிலேயே நெருக்கத்தைக் குறைத்தால் தண்டு பருக்கும். ஆனால் உயர்ந்து மெலிந்துவிட்ட மரங்களிடையே திடீரென இடைவெளி ஏற்படுத்தினால், ஒன்றையொன்று தாங்கி நின்ற ஆதரவு போய், பலத்த காற்று உள்ளே புகும். தண்டும் வேரும் வலுப்பெறும் வரையிலான சில ஆண்டுகள் ஆபத்து மிகுந்தவை. எனவே விகிதம் 100க்கு மேலுள்ள, ஆழமற்ற மண்ணில் நிற்கும் பகுதியை இப்போது தொடாதீர்கள். மற்ற இடங்களில் சிறிது சிறிதாக, சில ஆண்டு இடைவெளி விட்டு வெட்டலாம். புயல் உண்டாக்கிய புதிய விளிம்பில் நிற்கும் மரங்கள் நேரடிக் காற்றுக்குப் பழகாதவை என்றாலும், பின்னால் உள்ளவற்றுக்கு அவையே அரண். அவற்றை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி வெட்டிவிட வேண்டாம். வெட்டும் வேலை, சேதம் விளைவிக்கும் காற்று வரும் திசையை எதிர்கொண்டு, மறைவுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் திசை அன்றாடக் காற்றின் திசையாக இருக்கவேண்டியதில்லை. சாய்ந்த தண்டுகள் கிடக்கும் திசையை இப்போதே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாய்ந்த ஸ்புரூஸ் மரங்களில் பட்டை வண்டுகள் பெருகி, நிற்கும் மரங்களையும் தாக்கும். வண்டுகளின் புதிய தலைமுறை வெளியேறும் முன் தண்டுகளை அகற்றுங்கள். கீழே வீடோ சாலையோ உள்ள செங்குத்துச் சரிவுகளில் மட்டும் பட்டையை உரித்துவிட்டு, உருளாத தண்டுகளைக் குறுக்காகக் கிடக்க விடுங்கள். இளமரங்கள் வளரும் வரை விழும் கற்களை அவை ஓரளவு தடுத்து நிறுத்தும்.