வக்கீல் ஆபீஸில் லீகல் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகலாமா?

பி.காம் முடித்த உங்களுக்கு இந்த வேலை வந்திருக்கிறது, வீட்டில் "கட்டுத் தூக்குற வேலை" (வக்கீல் பின்னால் கேஸ் கட்டைச் சுமப்பது) என்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் கேஸ் நடத்தும் சீனியரிடம் குமாஸ்தா. சென்னையில் பெரிய ஆபீஸ்களில் லீகல் அசிஸ்டென்ட் என்பார்கள். ரெண்டும் ஒன்றா என்று சிலர் சண்டைக்கு வரலாம். ஆனால் காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்ப்பது, பேட்டா (சம்மன், நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, குறை சொல்லி கோர்ட் ரிட்டர்ன் செய்த பேப்பரைச் சரிசெய்து திரும்பப் போடுவது எங்கேயும் இருக்கிறது.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு. சப் கோர்ட்டில் எங்கள் கட்சிக்காரரான ஒரு அக்கா தோற்றுவிட்டார். மாவட்ட கோர்ட்டில் அப்பீலுக்கு 30 நாள். கெடு முடிந்துவிட்டது, தாமத மன்னிப்பு மனு போடலாம் என்றார் ஜூனியர். அதைப் போட்டால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அவர்கள் கவுன்ட்டர் (பதில் மனு), விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். நான் தீர்ப்பு நகலைத் திருப்பிப் பார்த்தேன். நகல் கேட்டு மனு போட்ட தேதி, அதற்கான ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஸ்டாம்பைக் கேட்ட அன்றைக்கே கட்டியிருந்தேன், அதனால் எங்கள் பக்கம் தாமதம் இல்லை. காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி நகலுக்குக் காத்திருந்த நாட்களைக் கழித்தால், கடைசி நாள் மே விடுமுறைக்குள் விழுந்தது. அப்படி விழுந்தால் 4ஆம் பிரிவுப்படி கோர்ட் திறக்கும் அன்று போடலாம். சீனியர் நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "மனு வேண்டாம், அப்பீலை ரெடி பண்ணும்மா" என்றார். அப்பீல் நம்பர் ஆனது, அதாவது கோர்ட் கோப்பில் ஏறிவிட்டது.

வக்கீல்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வாதாடுவது அவர்கள்தான். ஆனால் அந்த அக்காவின் பங்கு கோர்ட் வாசலிலேயே நின்றுபோகாமல் காப்பாற்றியது நான் எண்ணிய தேதி. இதையா கட்டுத் தூக்குவது என்கிறார்கள்?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணாக இருந்தால் தண்ணீர் குடிக்கவே யோசிக்க வேண்டும். எங்கள் வளாகத்தில் பெண்கள் கழிப்பறை பாதி நாள் பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. நாள் முழுக்கக் காத்திருக்கும் கட்சிக்காரப் பெண்களுக்கும் இதே கதிதான். எழுதிக் கொடுத்தும் பார்த்தாயிற்று.

சேருங்கள். சம்பளத்தையும் பி.எஃப். உண்டா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். குமாஸ்தாக்களுக்கென்று 1999 சட்டப்படி சேமநல நிதி இருக்கிறது, அதில் பதிவதைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ், இங்கிலீஷ் ரெண்டு டைப்பிங்கும் தெரிந்தால் சம்பளம் பேசும்போது கை ஓங்கும்.