ஐசொலேஷன் அட்ரஸாக எதைக் கொடுப்பது?

கேள்வி: அந்தேரி அலுவலகத்தில் மூன்று ஹோஸ்ட் (வி.எம். எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்), ஐரோலி டேட்டா சென்டரில் மூன்று ஹோஸ்ட். இரண்டையும் சேர்த்து வி-சான் (ஹோஸ்ட்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் வி.எம்.வேர் மென்பொருள்) ஸ்ட்ரெட்ச்டு கிளஸ்டர், அதாவது இரண்டு இடங்களில் பரவிய ஒரே தொகுப்பு, போட்டிருக்கிறோம். எல்லா ஹோஸ்டிலும் ‘ஐசொலேஷன் அட்ரஸை எட்ட முடியவில்லை’ என்று மஞ்சள் எச்சரிக்கை வருகிறது. ‘8.8.8.8 கொடுங்கள், போய்விடும்’ என்கிறார் ரீசெல்லர். மழைக்காலத்தில் லிங்க் அறுந்தால் எல்லா வி.எம்.களும் அணைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. - செம்பூர் வாசகர்

8.8.8.8 (கூகுளின் பொது டி.என்.எஸ். முகவரி) வேண்டாம். எச்சரிக்கை மறைந்துவிடும், ஆனால் கோளாறு அப்படியே இருக்கும்.

ரயில் பார்சிக் சுரங்கத்துக்குள் நுழையும்போது போனில் எதிர்முனை அமைதியாகிவிடுகிறது. கோளாறு அவர் பக்கமா, நம் பக்கமா? இன்னொரு எண்ணுக்கு அடித்துப் பார்ப்போம். அதுவும் போகவில்லை என்றால் கோளாறு நம் போனில்தான். ஹோஸ்டும் இதையேதான் செய்கிறது. மற்ற ஹோஸ்ட்களோடு நொடிக்கு ஒருமுறை பரிமாறும் ஹார்ட்பீட் (‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற சிக்னல்) நின்றுபோனால், ஐசொலேஷன் அட்ரஸை, அதாவது தான் தனிமைப்பட்டதா என்று பார்க்கக் கொடுத்துவைத்த ஐ.பி.யை, பிங் செய்யும் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும்). ஒன்றாவது பதில் சொன்னால் ‘நான் தனிமைப்படவில்லை’ என்று இருந்துவிடும். எதுவுமே பதில் சொல்லாவிட்டால் தன்னிடம் ஓடும் வி.எம்.களை நீங்கள் சொல்லிவைத்தபடி கையாளும்.

சிக்கல் இங்கேதான். வி-சானை ஆன் செய்ததும் ஹார்ட்பீட் வி-சான் நெட்வொர்க்குக்கு மாறிவிடுகிறது. சோதிக்கும் அட்ரஸ் மட்டும் பழையபடி மேனேஜ்மென்ட் கேட்வேயாகவே (நிர்வாக நெட்வொர்க்கின் வாசல்) இருக்கிறது. உங்கள் கேட்வேயில் பிங்கை அடைத்திருப்பார்கள், அதனால் எச்சரிக்கை வருகிறது. பிங்கைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. வி-சான் கேபிள் போய்விட்ட ஹோஸ்டுக்கு மேனேஜ்மென்ட் கேட்வே பதில் சொல்லும். ஹோஸ்டும் தான் நலமாக இருப்பதாக நம்பி, டிஸ்க் இல்லாத வி.எம்.களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 8.8.8.8 செய்வதும் இதே தப்புதான். இவ்வளவு சந்தா வாங்கும் மென்பொருள், வி-சானை ஆன் செய்த கையோடு சரியான அட்ரஸைக் கேட்டிருக்க வேண்டாமா?

சரி, செய்ய வேண்டியது இது. இரண்டு சைட்டிலும் வி-சான் விலேனுக்குள் (வி-சானுக்கென்று பிரித்த நெட்வொர்க்) அந்தந்த சைட் ஸ்விட்சுக்கே ஓர் ஐ.பி. கொடுக்கச் சொல்லுங்கள். ஹெச்.ஏ. (ஹோஸ்ட் விழுந்தால் வி.எம்.களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் வசதி) அட்வான்ஸ்டு ஆப்ஷனில் அந்தேரி ஐ.பி.யை ‘டாஸ்.ஐசொலேஷன்அட்ரஸ்0’ என்றும் ஐரோலி ஐ.பி.யை ‘டாஸ்.ஐசொலேஷன்அட்ரஸ்1’ என்றும் போடுங்கள். ‘டாஸ்.யூஸ்டிஃபால்ட்ஐசொலேஷன்அட்ரஸ்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். ஐசொலேஷன் ரெஸ்பான்ஸ் ‘பவர் ஆஃப் அண்ட் ரீஸ்டார்ட்’ ஆக இருக்கட்டும். டிஸ்க்கே எட்டாத வி.எம்.மை முறையாக ஷட்டவுன் செய்ய முடியாது. அப்புறம் ஹெச்.ஏ.வை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் இது அமலுக்கு வரும். அதனால் வி.எம். எதுவும் அணையாது. அதே கிளஸ்டரில் ஓடும் வி.எம்.மின் ஐ.பி.யை மட்டும் ஐசொலேஷன் அட்ரஸாக வைக்காதீர்கள்.

லிங்க் அறுந்தால்? ஐரோலியின் மூன்று ஹோஸ்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் பார்ட்டிஷன், ஐசொலேஷன் அல்ல. விட்னஸுடன் (எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று முடிவு செய்ய ஓட்டுப் போடும் மூன்றாவது இடத்து ஹோஸ்ட்) சேர்ந்து, நீங்கள் ‘ப்ரிஃபர்டு’ என்று வைத்த சைட் ஜெயிக்கும். அது அந்தேரி என்றால், ஐரோலி வி.எம்.கள் கொஞ்ச நேரத் தடைக்குப் பிறகு அங்கே எழும்பும். அதற்கு அந்தேரியில் பாதிக்குப் பாதி சி.பி.யூ.வும் மெமரியும் காலியாக இருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். சைட்டுக்கு ஒரே ஹோஸ்ட் என்று சின்னதாகப் போட்டிருந்தால், அல்லது பராமரிப்புக்காக இரண்டை இறக்கியதால் ஐரோலியில் ஒன்றே மிஞ்சியிருந்தால், லிங்க் அறுந்ததும் அந்த ஹோஸ்டுக்குப் பேச ஆளே இருக்காது. அப்போது அது நம்பியிருப்பது அந்த ஐ.பி.யை மட்டும்தான். அந்தேரி ஐ.பி.யை மட்டும் கொடுத்து வைத்திருந்தால், ஐரோலி ஹோஸ்ட் தன்மீது தப்பில்லாமலே தன்னைத் தனிமைப்பட்டதாக அறிவித்துவிடும். சைட்டுக்கு ஒன்று என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இனி லிங்க் விற்பவர்கள். ‘இரண்டு நிறுவனங்களின் ஃபைபர், இரண்டு பாதை’ என்று சொல்லி இரண்டு பில் வாங்குவார்கள். ஒரு வாடிக்கையாளருக்காக மேன்ஹோல் மூடியைத் திறக்கவைத்துப் பார்த்தேன். வேறு வேறு டேக் கட்டிய இரண்டு கேபிள்களும் ஒரே குழாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தன. ஒரு ஜே.சி.பி. போதும், இரண்டும் போய்விடும். உங்கள் இரண்டு லிங்க்கும் ஐரோலி பாலத்தின் வழியாகத்தான் தாணே கழிமுகத்தைத் தாண்டுகின்றனவா என்று பாதை வரைபடம் கேளுங்கள். தர மறுத்தால் பாதை ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்னஸையும் அந்தேரியிலேயே வைத்து ‘மூன்றாவது சைட்’ என்று பில் போடுகிறார்கள். அங்கே கரண்ட் போனால் ஐரோலியும் சேர்ந்து விழும். டேட்டா சைட்டுகளுக்கு இடையேதான் போய்வர 5 மில்லிசெகண்டு என்ற கண்டிப்பு. விட்னஸுக்கு 200 வரை தாங்கும், சென்னையில்கூட வைக்கலாம்.

ரீசெல்லருக்குக் கடைசித் தவணையைத் தருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வரச்சொல்லுங்கள். சோதனை வி.எம். மட்டும் ஓடும் ஒரு ஹோஸ்டின் வி-சான் கேபிள்கள் இரண்டையும் அவர் கையாலேயே பிடுங்கட்டும். அந்த வி.எம். இங்கே அணைந்து வேறு ஹோஸ்டில் எழும்பிய நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.